தெரு உயர்ந்தது, வாசல் தாழ்ந்தது!

தெருவுக்குச் சிமெண்டுச் சாலை வரப்போகிறது என்ற செய்தி கேட்டதும் மக்கள் மகிழ்கிறார்கள். வருமா, வருமா என்று ஆண்டுக்கணக்கில் ஏங்கியிருந்தவர்கள், கலவை எந்திரம் தெருமுனையில் வந்து நின்றதும், கல்யாண வீட்டில் பந்தற்கால் நட்டதைப் போல முகம் மலர்கிறார்கள். பூசை போடப்படுகிறது. தேங்காய் உடைக்கப்படுகிறது. படம் எடுக்கப்படுகிறது. காலையில் தொடங்கிய வேலை அந்தி சாய்வதற்குள் முடிந்துவிடுகிறது. மறுநாளே அதன்மேல் மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. மூன்றாம் மாதம் கீறல் காண்கிறது. ஐப்பசி மழை கொட்டியதும், அதுநாள்வரை தெருவில் ஓடிய தண்ணீர் வீட்டுக்குள் ஓடுகிறது! தெரு வந்ததே என்று மகிழ்வதா, வாசல் போயிற்றே என்று வருந்துவதா என்று அறியாமல், கையில் முறத்தோடும் வாளியோடும் தண்ணீரை இறைத்துக் கொட்டுகிறாள் அந்த வீட்டுத் தாய்.

"தெருவுக்குக் கல் பாவுவது ஒரு பொருளா? அதற்கு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கட்டுரையா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. டில்லியில் யார் எந்த நாற்காலியில் அமர்கிறார், எந்தக் கூட்டணி எப்போது உடைகிறது என்பவைதாம் அவர்களுக்கு அரசியல். நாம் அவர்களைக் குறை கூறவில்லை. ஆனால் ஏழை ஒருவன் அரசாங்கத்தை எங்கே காண்கிறான் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கோட்டையிலா காண்கிறான்? பாராளுமன்றத்திலா காண்கிறான்? அவன் வாசலைத் திறந்தவுடன் காலில் தட்டுப்படுகிற முதல் அரசாங்கம் தெரு. அந்தத் தெரு நேர்மையாகப் போடப்பட்டிருந்தால் ஆட்சி நேர்மையாக நடக்கிறது என்று நம்புகிறான். ஏமாற்றிப் போடப்பட்டிருந்தால், எத்தனை மாநாடு கூட்டி எத்தனை தீர்மானம் போட்டாலும் அவன் நம்ப மறுக்கிறான். 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளின் கையில் ஒப்படைக்கத்தக்கவை என்று 18 பொறுப்புகளை அட்டவணையிட்டபோது, சாலைகளையும் பாலங்களையும் அதிலே சேர்த்தது. எனவே தெருவைப் பற்றிப் பேசுவது அரசியலின் அடித்தளத்தைப் பற்றிப் பேசுவதேயாகும்.

காரைக்குடியை எடுத்துக்கொள்வோம். 1928-இல் நகராட்சியான ஊர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் 1,06,714 பேர். 2024-இல் கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளையும் சுற்றியுள்ள சிற்றூர்கள் சிலவற்றையும் சேர்த்து மாநகராட்சி என்று அறிவிக்கப்பட்டது. பெயர்ப்பலகை உயர்ந்தது, வரவேற்கிறோம். கூடவே தெருக்களும் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து கொண்டிருக்கின்றனவே, அதைத்தான் வரவேற்க முடியவில்லை!

செட்டிநாட்டின் வீடுகளைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக் கல்லையும் கண்டு வாய் பிளந்து போகிறார்கள். ஆனால் அந்த ஊர்களில் வீடுகளைக் காட்டிலும் வியக்கத்தக்கவை தெருக்கள் என்பதை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்? கோடு போட்டதைப் போல நெடுக்கும் குறுக்குமாக வகுக்கப்பட்ட தெருக்கள். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு வாசல் என்று, இரு தெருக்களுக்கும் இடையே நீண்டு கிடக்கும் வீடுகள். ஓட்டுக் கூரைகளில் விழும் மழை நாற்புறமிருந்தும் வளவு வாசலில் இறங்கும். அங்கிருந்து கல்வாய் வழியாகத் தெருவுக்கு வரும். தெருவின் வாட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஊருணிக்குப் போய்ச் சேரும். ஆறு இல்லாத, கால்வாய்ப் பாசனம் இல்லாத, செம்மண்ணும் செம்பாறையும் மண்டிய வறண்ட நாட்டில் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் மக்கள் குடித்து வாழ்ந்தது அந்த ஊருணி நீரைத்தான். ஆகவே செட்டிநாட்டில் தெரு என்பது நடப்பதற்கான வழி மட்டுமன்று. வானத்து நீரை ஊருணிக்குக் கொண்டு சேர்க்கும் வாய்க்காலும் அதுவே. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். வீட்டின் அழகை மட்டும் பார்ப்பவர்களுக்கு அந்தப் பெருமையின் பாதிதான் விளங்கும்.

வீட்டின் தளம் உயரம், தெரு தாழ்வு, ஊருணி அதனினும் தாழ்வு. இந்த மூன்று மட்டங்களின்மேல்தான் ஊரே நிற்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்கோளுக்குத் தப்பி வந்தவர்களாதலால் நகரத்தார் வீடுகளை உயர்த்திக் கட்டினார்கள் என்று கூறுவதுண்டு. அது வரலாறோ வழக்கோ, ஆராய்ச்சியாளர்கள் முடிவு செய்யட்டும். உயரம் கண்ணெதிரே நிற்கிறது. அதற்குக் காரணம் நீர் என்பதில் ஐயமில்லை.

இந்த மட்டக் கணக்கைத்தான் இன்று குலைக்கிறார்கள். எப்படிக் குலைக்கிறார்கள்? இருக்கும் தெருவைப் பெயர்த்து எடுக்காமல் அதன் தலைமீதே புதிய தெருவைப் போடுகிறார்கள். சிமெண்டுத் தளம் ஒன்று அரையடி கனம். வீட்டுப் படி ஒன்றும் ஏறக்குறைய அரையடி உயரம். ஒருமுறை மேற்போட்டால் ஒரு படி மண்ணுக்குள் போகிறது. இரண்டாம் முறை போட்டால் இரண்டாவது படியும் போகிறது. முன்னாளில் வளவிலிருந்து தெருவுக்கு நீர் வெளியேறிய கல்வாய், இன்று தெருவுக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. நீர் வெளியே போகும் வழி, நீர் உள்ளே வரும் வழியாகிவிடுகிறது.

இதிலேயும் ஏழை, பணக்காரன் வேறுபாடு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. ஐந்தடி உயரத் தளத்தின்மேல் அரண்மனை போல நிற்கும் வீட்டுக்கு ஒரு படி குறைந்தால் என்ன? இன்னும் ஏழெட்டுப் படிகள் மிச்சம் இருக்கும். ஆனால் அதே தெருவின் கடைசியில், தரையோடு தரையாகக் குந்தியிருக்கிறதே ஓட்டு வீடு, அதற்குப் படியே ஒன்றுதான்! தறி நெய்கிறவரும், கட்டட வேலைக்குப் போகிற சித்தாளும், இட்லிக் கடை வைத்திருக்கிற அம்மையும் குடியிருக்கும் வீடு அது. அந்த ஒரு படியும் போன பிறகு, வாசலுக்கு முன்னால் செங்கல்லை அடுக்கிச் சிமெண்டு பூசி ஒரு வரப்புக் கட்டுகிறார்கள். அதற்கும் மேலே தெரு உயர்ந்தால்? வீட்டின் தரையையே மண் கொட்டி உயர்த்த வேண்டும். தரை உயர்ந்தால் கூரை தலையில் இடிக்கும். ஆகவே கூரையையும் பிரித்து உயர்த்த வேண்டும். நகரசபை செய்த வேலைக்குக் கூலி, வட்டிக்கு வாங்கிய பணத்தில் அந்தக் குடும்பம் தருகிறது. இதை எந்த வரவு செலவுத் திட்டத்தில் எழுதியிருக்கிறார்கள்?

சட்டம் இல்லையா, விதி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது! 2021-இல் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு தெளிவாகவே எழுதினார்: பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தளம் போட வேண்டும், சாலையின் மட்டம் உயர்ந்து வீடுகளுக்குள் நீர் புகும்படி செய்யக்கூடாது என்று. நல்ல ஆணை. ஆனால் கோட்டையிலிருந்து புறப்பட்ட ஆணை, தெருமுனைக்கு வருவதற்குள் களைத்துப் போய்விடுகிறது. தார்ச்சாலையைச் சுரண்டும் எந்திரம் பெருஞ்சாலைக்கு வரும். பத்தடிச் சந்துக்குள் அது நுழையாது. சிமெண்டுத் தளமோ சுரண்டினால் வருவதன்று; உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உடைப்பதற்குக் கூலி, உடைத்ததை அள்ளிப் போட லாரி, கொண்டுபோய்க் கொட்ட இடம் என்று செலவு வளர்கிறது. மதிப்பீட்டிலே அதற்கு ஒரு வரி எழுதப்பட்டிருக்காது. அல்லது எழுதப்பட்டிருந்தும் நடைபெறாது. புதைந்துபோன வேலையை யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

அந்தக் கேள்விதான் இந்தத் தொழிலில் நடக்கும் மோசடிகள் அனைத்துக்கும் தாய். சாலை என்பது புதைக்கப்படுகிற பொருள். மேலே தெரிவது முகம் மட்டும். உயிர் அடியில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பிறந்த மக்காடம் என்ற சாலை அறிஞர், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த உண்மையை உரைத்தார். வண்டியின் பாரத்தை இறுதியில் தாங்குவது மண்தான்; அந்த மண்ணை ஈரம் புகாமல் காப்பதே சாலையின் கடமை என்றார் அவர். மண்ணை இறுகத் திமிசு போட்டு, வாட்டம் கொடுத்து, ஓரங்களில் நீர் வடிய வழி செய்யாமல், மேலே எத்தனை மூட்டை சிமெண்டைக் கொட்டினாலும் அது மெத்தையின் மேல் வைத்த கண்ணாடித் தட்டுத்தான்.

நம் நாட்டில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. 1927-இல் ஜெயகர் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரையின் தொடர்ச்சியாக 1934-இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் தோன்றியது. அரசியல் கட்சிக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. சாலைப் பொறியாளர்களின் அமைப்பு அது. 1943-இல் நாகபுரியில் கூடி, தேசியச் சாலை, மாநிலச் சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்று தலைமைப் பொறியாளர்கள் வகுத்தார்கள். அந்த வகுப்பில், ஊருக்குள் இருக்கும் தெருவுக்கு இடம் கிட்டவில்லை. பெரிய சாலைகளுக்குப் பொறியாளர்கள் படைபடையாக நின்றார்கள். தெருவுக்கோ மேஸ்திரியின் கண்மதிப்பே விதியாயிற்று. பின்னாளில் தெருக்களைப் போன்ற போக்குவரத்துக் குறைந்த சாலைகளுக்கும், சிமெண்டுக் கற்கள் பாவும் சாலைகளுக்கும் தனித்தனியே விதித்தொகுதிகள் வந்தன. அவை அலமாரியில் உறங்குகின்றன. மேஸ்திரியின் கண்மதிப்பு மட்டும் விழித்துக் கொண்டிருக்கிறது.

கண்மதிப்பு எவ்வளவு விலை பிடிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. நூறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் உள்ள சிமெண்டுத் தெருவுக்கு 60 கன மீட்டர் கலவை வேண்டும். ஓரத்தில் மட்டும் 15 காட்டி, நடுவில் 12 போட்டுவிட்டால், அந்த அளவில் 12 கன மீட்டர் வரை மிச்சம். ஐந்தில் ஒரு பங்கு பொருள் போயிற்று. தெருவின் வலிமையிலும் ஐந்தில் ஒரு பங்குதானே போகும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பாளம் வளைந்து ஒடியாமல் தாங்கும் திறன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 15-க்கு 12 என்றால் திறன் நூற்றுக்கு 64 ஆகிவிடும். திருடியது ஐந்தில் ஒன்று. தெரு இழந்தது மூன்றில் ஒன்றுக்கும் மேல்! ஆகவேதான் தண்ணீர் லாரி ஒன்று ஏறியதும் நடுத்தெரு இரண்டாகப் பிளக்கிறது.

அடுத்தது தண்ணீர். கலவையில் தண்ணீர் மிகுந்தால் வலிமை குறையும் என்பதை அமெரிக்க அறிஞர் டஃப் ஆப்ராம்ஸ் 1918-இலேயே சோதித்துக் காட்டிவிட்டார். ஆனால் நம் தெருக்களில் என்ன நடக்கிறது? கெட்டியான கலவையைப் பரப்பக் கை வலிக்கும். ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக ஊற்றினால் கூழாக ஓடும். வேலை விரைவில் முடியும். வேலையாளைக் குறை கூறி என்ன பயன்? இறுக்கி அதிர்க்கும் எந்திரத்தை வாடகைக்கு எடுக்காமல் ஆறு பேரை வைத்து அரை நாளில் தெருவை முடிக்கச் சொல்கிறாரே குத்தகை எடுத்தவர், அவரன்றோ அந்தக் குடத்தை ஊற்றுகிறவர்!

கலவையில் ஊற்றக் கூடாத தண்ணீரை ஊற்றுகிறார்கள். போட்ட பிறகு ஊற்ற வேண்டிய தண்ணீரை ஊற்ற மறுக்கிறார்கள்! 2000-இல் திருத்தி வெளியிடப்பட்ட இந்தியத் தர அமைவனத்தின் 456-ஆம் எண் விதித்தொகுதி, சாதாரணச் சிமெண்டில் போட்ட தளத்தைக் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது. வெயிலும் வறட்சியும் மிக்க இடமானால் 10 நாளுக்குக் குறையக் கூடாது. சாம்பல் முதலியன கலந்த சிமெண்டானால் 14 நாள் வரை நீட்டலாம். சிவகங்கைச் சீமையின் சித்திரை வெயிலைவிட வறண்ட வெயில் வேறு எங்கே வேண்டும்? சாக்குப் போர்த்தியோ மண்ணால் பாத்தி கட்டியோ பத்து நாள் நீர் நிறுத்திய தெருவை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? மறுநாள் காலை ஒருமுறை குழாயால் நனைத்துவிட்டு, அதற்கு "ஆற்றுதல்" என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள்.

காரைக்குடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது ஆத்தங்குடி. அங்கே ஓடு செய்யும் தொழிலாளி பொறியியல் படித்தவர் அல்லர். கண்ணாடிப் பலகைமேல் வண்ணக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி எடுத்த ஓட்டை, அவசரப்பட்டு விற்றுவிடுவதில்லை. தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப் போட்டு, நிழலில் உலர்த்தி, பிறகே வண்டியில் ஏற்றுகிறார். சிமெண்டு காய்வதனால் இறுகுவதில்லை, நீரைக் குடித்தே இறுகுகிறது என்பது அவருக்குத் தெரியும். அவர் செய்த ஓடு பேரன் காலத்திலும் பளபளக்கிறது. சுண்ணாம்பை நாள்கணக்கில் புளிக்க வைத்து அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்து, சுவரைக் கண்ணாடியாக்கிய கொத்தர்கள் வாழ்ந்த நாடு இது. இந்த நாட்டுத் தெருவில், பத்து நாள் சாக்கு நனைக்க ஆள் இல்லை என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்க மாட்டார்களா?

இணைப்பு வெட்டுகளைப் பற்றி ஒரு சொல். சிமெண்டுப் பாளம் இறுகும்போது சுருங்கும், சுருங்கும்போது வெடிக்கும். எங்கே வெடிக்க வேண்டும் என்று நாம் முன்கூட்டியே கோடு கிழித்துக் கொடுத்தால் அந்தக் கோட்டுக்குள் அடங்கும். கொடுக்காவிட்டால் தன் விருப்பம் போல வெடிக்கும். போட்ட ஒரு நாளைக்குள், கனத்தில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ ஆழத்துக்கு, சில மீட்டருக்கு ஒன்றாக எந்திரத்தால் அறுக்க வேண்டும். அழகுக்குக் கயிற்றை அழுத்திக் கோடு போடுவது இந்தக் கணக்கில் சேராது.

அண்மைக் காலமாகப் பேவர் பிளாக் என்னும் சிமெண்டுக் கற்களின் மீது நகரசபைகளுக்குக் காதல் பிறந்திருக்கிறது. நாமும் அதை வெறுக்கவில்லை. குழாய் பதிக்கத் தோண்டினாலும் கல்லை எடுத்து வைத்துத் திரும்பப் பாவலாம். சந்துகளில் மணல் மட்டும் இருந்தால் ஓரளவு நீரும் உள்ளே இறங்கும். ஆனால் அதற்கும் அளவு உண்டு. 2006-இல் வெளியான இந்தியத் தர விதி, ஆட்கள் மட்டும் நடக்கும் இடத்துக்கு 50 மில்லிமீட்டர், இலேசான போக்குவரத்துக்கு 60, நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 என்று கனத்தைப் பிரித்தது. வலிமையையும் அதே வரிசையில் 30, 35, 40 நியூட்டன் என்று ஏற்றி வைத்தது. மணல் லாரியும் செங்கல் டிராக்டரும் ஓடும் தெருவுக்கு, கோயில் பிரகாரத்துக்கு ஏற்ற கல்லைப் போட்டால் அது பல்லைப் போல ஆடாமல் என்ன செய்யும்? இரு ஓரத்திலும் அசையாத விளிம்புக் கல் நிறுத்தாவிட்டால் கற்கள் விலகும், மணல் வெளியேறும், தெரு குண்டும் குழியுமாகும். விளிம்புக் கல்தான் அந்தத் தெருவின் வேலி. வேலியை விட்டுவிட்டுப் பயிரை மட்டும் நடுகிறார்கள்!

சுவருக்குச் சுவர் சிமெண்டைக் கொட்டி மூடிவிடுவது மற்றொரு தீங்கு. 2003-இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிப்புக் கட்டாயம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கூரை நீரை நிலத்துக்குள் இறக்க வேண்டும் என்று மக்களை அரசு வற்புறுத்தியது. அதே மக்களின் வாசலில், ஒரு சொட்டும் இறங்காதபடி நகரசபையே மூடி முத்திரை வைக்கிறது. சம்பை ஊற்றுத் தண்ணீரின் சுவையைப் பேசிப் பெருமைப்படாத காரைக்குடிக்காரர் உண்டா? ஊற்று வானத்திலிருந்து நேரே வருவதில்லை. மண்ணுக்குள் இறங்கிய மழைதான் ஊற்றாகிறது. தெரு ஓரத்தில் ஒரு முழ அகலம் மண்ணை விட்டுவைப்பதற்கு யார் தடை சொன்னார்கள்? வேம்பின் கழுத்தை இறுக்கிச் சிமெண்டு பூசுகிறார்களே, அதற்கு எந்தப் பொறியியல் நூலில் இடம் இருக்கிறது? மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவு சிமெண்டை அகற்ற வேண்டும் என்று 2013-இல் டில்லி நகருக்குப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. டில்லி மரத்துக்கு மூச்சு வேண்டும், செட்டிநாட்டு மரத்துக்கு வேண்டாமா?

இனி, தோண்டுவதைப் பற்றி. பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காகக் காரைக்குடித் தெருக்கள் தோண்டப்பட்டதையும், தோண்டிய பின் மக்கள் பட்ட பாட்டையும் ஊர் அறியும். சாக்கடைத் திட்டம் வேண்டியதே. வேண்டாம் என்பவர் பின்கட்டுச் சந்துகளில் நடந்து பார்த்தவராக இருக்க மாட்டார். ஆனால் குழியை மூடுவதற்கு ஒரு முறை உண்டு. ஒரு சாணுக்குக் குறைவான அடுக்குகளாக மண்ணைப் போட்டு, அடுக்குக்கு அடுக்கு நனைத்து, எந்திரத்தால் இறுக்கிக்கொண்டே வர வேண்டும். ஆளுயரக் குழியில் அள்ளிய மண்ணை ஒரே முறையில் தள்ளிவிட்டு, அதன்மேல் ஒரு வாரத்தில் சாலை போட்டால், முதல் மழைக்கு மண் அமுங்கும். மேலே பாளம் மட்டும் பாலம் போல நிற்கும். ஒரு நாள் அதுவும் உள்ளே விழும். குடிநீர்க் குழாய்க்காரர் ஒருமுறை, சாக்கடைக்காரர் ஒருமுறை, கேபிள்காரர் ஒருமுறை என்று ஒரே தெருவை மும்முறை அறுப்பது, ஒரே நோயாளிக்கு மூன்று வைத்தியர்கள் ஒருவரை ஒருவர் கேட்காமல் கத்தி வைப்பதைப் போன்றது.

கேட்க வேண்டியவர் யார்? மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த தமிழ்நாட்டு நகரசபைகளுக்கு 2022 பிப்ரவரி 19-ஆம் நாள்தான் மீண்டும் தேர்தல் நடந்தது. ஐந்தாண்டுக்கு மேலாக மன்றம் இல்லை, உறுப்பினர் இல்லை, கேள்வி கேட்க ஒரு மேடை இல்லை. தனி அலுவலர்களின் கையெழுத்தில் தமிழகமெங்கும் தெருக்கள் தோண்டப்பட்டன, மூடப்பட்டன, போடப்பட்டன. எந்தக் கட்சி ஆண்டாலும் உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடும் ஆசை கோட்டைக்கு வரத்தான் செய்கிறது. அந்த ஆசைக்கு விலை கொடுப்பது தெரு.

"விதி, விதி என்கிறீர்களே! விதிப்படி போட்டால் பத்துத் தெரு போடும் பணத்தில் ஏழு தெருதான் போட முடியும். மீதி மூன்று தெருக்காரர்களுக்கு என்ன பதில்?" என்று நகரசபை வட்டாரத்தில் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, தள்ளிவிடக் கூடாதது. சேற்றில் நடக்கிற தெருக்காரன் காத்திரு என்றால் கோபப்படுவான். ஆனால் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்க வேண்டும். ஐந்தாண்டில் சிதைந்த பத்துத் தெருவையும் ஆறாம் ஆண்டில் திரும்பப் போட வேண்டும். அதுவும் பழையதன் தலைமேல்! நன்றாகப் போட்ட ஏழு தெரு இருபது ஆண்டு கிடக்கும்; அடுத்த ஆண்டுப் பணம் முழுவதும் மிச்சமுள்ள மூன்றுக்குப் போகும். இதிலே எது சிக்கனம்? மேலும், விதிப்படி போடுவதற்குக் கூடுதலாக ஆகும் செலவில் பெரும்பகுதி, சாக்கு நனைப்பதும் அளவு பார்ப்பதும்தான். அவற்றுக்குப் பணத்தைக் காட்டிலும் மனம்தான் வேண்டும்.

மற்றொரு வாதம், குறைந்த தொகை கேட்டவருக்கே வேலையைக் கொடுக்கச் சட்டம் சொல்கிறது, நாங்கள் என்ன செய்வோம் என்பது. 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டம் குறைந்த தொகையைப் பார்க்கச் சொல்வது உண்மை. குறைந்த கனத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லையே! தொகையைக் குறைத்துக் கேட்டவர் கனத்தையும் குறைத்துப் போடுகிறார் என்றால், அளவுப் புத்தகத்தில் 15 என்று எழுதிக் கையெழுத்திட்ட கை எது என்று கேட்பதற்கு எந்தச் சட்டம் தடையாக நிற்கிறது?

அந்தக் கையைக் கேட்கும் உரிமை மக்களுக்கே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2005-இன் தகவல் உரிமைச் சட்டம் காகித நகல் வாங்குவதற்கு மட்டும் வந்ததன்று. அரசுப் பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் குடிமகனுக்கு உரிமை உண்டு என்று அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவே கூறுகிறது. உங்கள் தெருவில் கொட்டிய மணல், ஜல்லி, கலவை ஆகியவற்றின் மாதிரியை நீங்கள் கேட்டுப் பெறலாம். மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தையும் கேட்டுப் பெறலாம்.

காரைக்குடிக்கு மற்ற ஊர்களுக்கு இல்லாத வசதியும் ஒன்று இருக்கிறது. வள்ளல் அழகப்பரின் கொடையால் 1952-இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இங்கே இருக்கிறது. அடுத்த ஆண்டிலேயே திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சிமெண்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிப்பதைக்கூட ஆராய்கிறது. இத்தனை அறிவு குடியிருக்கும் ஊரில், தெருவில் போட்ட கலவை நல்லதா கெட்டதா என்று தெரியாமல் இருப்பது வெட்கக்கேடு.

ஆகவே நாம் காரைக்குடி மாநகராட்சியைக் கேட்பது இது. வேலை தொடங்குமுன், தெருவின் இரு முனைகளிலும் மட்டக்கல் ஒன்று நடுங்கள்; தெருவிலேயே தாழ்ந்த வீட்டின் வாசலை அளந்து, புதிய தளம் அதற்கு எத்தனை அங்குலம் கீழே முடியும் என்பதை அந்தக் கல்லில் செதுக்குங்கள். கனம், கலவையின் தரம், நீர் நிறுத்த வேண்டிய நாள், குறை கண்டால் ஒப்பந்தக்காரர் எத்தனை ஆண்டு பொறுப்பு என்பதைத் தமிழில் பலகை எழுதி வையுங்கள். கலவை கொட்டும் நாளில், தெருவாசிகளின் கண்ணெதிரே 15 சென்டிமீட்டர் கட்டிகள் வார்த்து, அவர்களில் இருவர் அதன்மேல் கையெழுத்துக் கீறட்டும். 28-ஆம் நாள் அந்தக் கட்டிகளை அந்தப் பொறியியல் கல்லூரியின் சோதனைக்கூடத்தில் அதே இருவர் முன்னிலையில் நசுக்கிப் பாருங்கள். வரும் எண் விதி கேட்ட எண்ணாக இருந்தால் பட்டியலுக்குப் பணம் கொடுங்கள். குறைவாக இருந்தால், ஒப்பந்தக்காரர் தம் சொந்தச் செலவில் உடைத்து அள்ளட்டும். ஐப்பசி பிறப்பதற்குள் திரும்பப் போடட்டும்.